பெயருக்கு முன்னால் இரண்டு கோடு

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி என்ற புரோகிராம் மொழி சொல்லிக்கொடுத்தேன். தெரிந்ததைவிடச் சொல்லிக்கொடுத்தது அதிகம். எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரோடு வரும் கோப்புகளில் சில பெயர்களுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு இருந்ததைப் பார்த்தேன். பெரிய ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, நம் ஊரில் இனிஷியல் போடுவதுபோல என் புரோகிராமில் எல்லாப் பெயருக்கும் முன்னால் இரண்டு கோடு இழுத்தேன். மாணவர்களையும் இழுக்க வைத்தேன். இழுக்காதவர்களை இளக்காரமாகப் பார்த்தேன்.

சென்டரில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடம் கம்ப்யூட்டர் வகுப்பெடுக்க ஆள் தேடியது. அந்த வகுப்பு எங்கள் சென்டருக்குக் கிடைக்காவிட்டால் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வகுப்பில் யார் அதிக மதிப்பெண் என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி, பிளாப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் பகுதியின், அதாவது ஃபங்ஷனின், பெயர் மேக்ஸ். முன்னால் இரண்டு கோடு, சொல்லவே வேண்டாம்.

பள்ளியில் இருந்தது வேறு கம்பெனியின் புதுக் கம்பைலர். ஓடவிட்டதும் திரை முழுக்கப் பிழை. பின்னால் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். புரியாத எல்லாவற்றுக்கும் அப்போது எங்களிடம் ஒரே விளக்கம்தான்.

"மேடம், இந்த மெஷின்ல வைரஸ் இருக்குங்க" என்றேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற இயற்பியல் டீச்சர் கம்பைலரின் உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு கோட்டுல ஆரம்பிக்கிற பேரெல்லாம் கம்பைலர் செய்யறவங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காம் சார். அவங்க கூடுதலா சேக்குற வசதிக்கு அப்படிப் பேரு வைப்பாங்களாம். உங்க ஃபங்ஷன் பேர்லயே இந்தக் கம்பைலர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்க. நீங்க எதுக்குக் கோடு போட்டீங்க?"

பந்தாவுக்குப் போட்டது என்பது எனக்குத்தான் தெரியும். டீச்சரே கோட்டை எடுத்துப் பெயரை மாற்றி ஓடவிட்டார். விடை பளிச்சென்று வந்து நின்றது.

தலைமையாசிரியைக்குப் புரோகிராம் பிடித்துப்போனது. டீ வரவழைத்தார். வேலை கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன். முதலாளியிடம் எப்படி அலட்டிக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். டீ முடிந்ததும் அவர் சொன்னார்:

"புரோகிராம் நல்லாயிருக்கு தம்பி, இருக்கட்டும். வகுப்பை எங்க டீச்சரே எடுக்கட்டும். புரியலைன்னா எடுத்துப் படிச்சுப் பாக்குறாங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். வேலை போனதைவிட, அந்த அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.