அம்சவல்லி இழுத்த கைப்பிடி

வடக்குப்பட்டு அம்சவல்லிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பதினோரு வருஷமாக லைனில் நிற்கிறாள். தென்காசிப் பக்கத்திலிருந்து அதே லைனுக்கு வந்த உலகம்மாள், இவள் வீட்டு மாடி அறையில்தான் ஐந்து வருஷம் குடியிருந்தாள். ஒரே தட்டில் தின்றவர்கள். பிறகு அவள் விடாப்பிடியாக ஜெர்மன் பாஷை படித்து, அந்த நாட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டாள். போனவள் சும்மா இருந்தாளா? "வாங்கக்கா, வாங்கக்கா" என்று மூன்று வருஷம் அரித்து, கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை மூடும் பத்து நாள் லீவில் இவளை வரவழைத்தே விட்டாள்.

அம்சவல்லி பயந்துகொண்டேதான் போனாள். அதற்கு வேறு பேர் வைக்க வேண்டியதில்லை, பயம்தான். புருஷன் தணிகாசலம் வேறு சொல்லி அனுப்பியிருந்தான்: "பாஸ்போர்ட்ட மட்டும் வுட்றாத. அது இல்லாம மாட்டிக்கின, உள்ள தூக்கிப் போட்டுடுவான். அப்பால என்னால வர முடியாது, எனக்கு நைட் ஷிஃப்ட்."

முதல் நாள் நியூரம்பர்க் கோட்டை. மதிலைச் சுற்றி நடந்த நேரமெல்லாம் அவள் கை பாஸ்போர்ட்டையே தடவிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காமல் உலகம்மாள் அதையும் போனையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வூர்ஸ்பர்க் அரண்மனைக்கு ரயில்.

நடுவில் ஒரு ஜங்ஷனில் வண்டி நின்றது. அவர்கள் பெட்டியில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது.

"பின்னாடி பெட்டியில இருக்குக்கா. பிளாட்ஃபாரம் வழியா போயிட்டு வாங்க. எட்டு நிமிசம் நிக்கும்."

"நீயும் வாடி."

"எடம் போயிரும்லா. சின்னப்புள்ளயா நீங்க?"

போனாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, வண்டி இங்கே இரண்டாகப் பிரியும், முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி இன்னொரு ஊருக்கும் போகும் என்று சொல்லியது. உலகம்மாள் போனில் இருந்ததால் அவள் காதில் விழவில்லை. அம்சவல்லியின் காதில் முழுக்க விழுந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், முன்பாதி தனியாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. ரயில் போகிறது, தான் ரயிலுக்குள்தான் இருக்கிறாள், ஆனால் தான் போகவில்லை. அது எப்படி? விளங்கியதும் கதவுக்கு ஓடினாள். மூடிக்கொண்டது. இந்தப் பாதியும் நகர ஆரம்பித்தது, எங்கே என்றே தெரியாத ஊருக்கு.

கதவோரம் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது.

கம்பெனியில் லைனுக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தப்பு கண்ணில் பட்டால் இழுத்துவிட வேண்டும். லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். இழுத்தவள் இடத்தை விட்டு நகராமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். யோசிக்காதே, இழு என்றுதான் பதினோரு வருஷம் பழக்கியிருந்தார்கள். அவள் யோசிக்கவில்லை.

வண்டி குலுங்கி நின்றது. யாருடைய காப்பியோ யார் மடியிலோ கொட்டியது. இழுத்தது யார் என்று தேட வேண்டிய வேலையே இல்லை. கைப்பிடிக்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வலது கையைத் தூக்கியபடி புடவை கட்டிய ஒருத்தி நின்றாள்.

டிக்கெட் பார்க்கும் அம்மாள் வேகமாக வந்தாள்.

"பிராப்ளம்," என்றாள் அம்சவல்லி. "ஃபிரெண்ட் அந்த வண்டி. பாஸ்போர்ட் அந்த வண்டி. நான் இந்த வண்டி."

அந்த அம்மாள் போனில் யாரிடமோ உரக்கப் பேசினாள். அம்சவல்லியைப் பிளாட்ஃபாரத்தில் இறக்கினார்கள். சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். அவ்வளவுதான், உள்ளே போடப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை. தண்ணீர் நீட்டினார்கள், குடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். முன்பாதியில் போன உலகம்மாளுக்குத் தகவல் போய், அவள் அடுத்த வண்டியில் திரும்பி வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை நின்றுகொண்டேயிருந்தாள்.

"எக்கா, என்ன காரியம் செஞ்சிருக்கீய," என்று மூச்சிரைக்க வந்தாள் உலகம்மாள். சீருடைக்காரர் ஒருவர் அவளிடம் ஜெர்மன் பாஷையில் ஏதோ கேட்டார்.

"இன்னாடி சொல்றாரு?"

"ஏன் இழுத்தீங்கன்னு கேக்காரு. காரணமில்லாம இழுத்தா குத்தமாம். மன்னிச்சிக்கிடுங்கன்னு சொல்லுதேன்."

"அதெல்லாம் சொல்லாத. தப்பு நடந்துச்சு, இழுத்தேன். எங்க கம்பெனில இழுக்காதவளத்தான் திட்டுவாங்கன்னு சொல்லு."

"வம்பா பேசாதீய, கேஸாயிரும்."

"சொல்லுடி."

அம்சவல்லி சொன்னதை மாற்றவில்லை. உலகம்மாள் வேறு வழியில்லாமல் அப்படியே பெயர்த்துச் சொன்னாள். அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், நெடுநேரம் எழுதினார். பிறகு திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அரண்மனைக்குப் போகத்தான் போனார்கள். கூரை முழுக்கச் சித்திரமாம், அண்ணாந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்களாம். அம்சவல்லி அண்ணாந்து பார்க்கவேயில்லை. உலகம்மாளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முதுகை மட்டும் பார்த்தபடி ஒவ்வொரு அறையாக நடந்தாள்.

"கை வலிக்குக்கா."

"வலிக்கட்டும்."