சாய்ந்த பல்

கிடங்கில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உலர்ந்த மருந்திலைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. எது எந்த இலை என்று பார்த்து, அதன் அடையாளத்தை நாலு வரியில் எழுதி ஒட்டுவது அவள் வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீதியை ஒரு பழைய செடிநூலும் பூதக்கண்ணாடியும் கற்றுக்கொடுத்தன. ஒரு சொல்லை எழுதுமுன் இலையை மூன்று முறை திருப்பிப் பார்ப்பாள். அக்கா இலையிடம் சாட்சி விசாரிக்கிறாள் என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அவளுக்குப் பிடித்த சொல் 'ரம்பப்பல்'. விளிம்பில் பல் இருந்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு பல்லும் இலையின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் பல் விளிம்பு. அப்பா தச்சர். அவருடைய கைரம்பத்தின் பற்கள் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் அந்தச் சொல்லை மட்டும் அவள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மழைக்காலத்தில் இருமலுக்கான இலை தீர்ந்துபோனது. மலையில் இலை பறிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பெரியவர் போன் செய்தார். ஒரே மாதிரி இரண்டு செடி நிற்கிறது, எதைப் பறிக்க என்று கேட்டார். ஒன்று மருந்து; பல் நேராக நிற்கும் மற்றது சிறுநீரகத்தைத் தின்றுவிடும். அவள் யோசிக்கவே இல்லை.

"விளிம்பு ரம்பப்பல்லா இருக்கும். அதை மட்டும் பறிங்க ஐயா."

இலை நொறுங்கித் தூளாக வந்து சேர்ந்தது. தூளில் விளிம்பை எங்கே தேடுவது? பூதக்கண்ணாடியைக் கையில் எடுக்காமலே லேபிளை ஒட்டினாள். முதல் பொட்டலத்தை, ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்த தங்கைக்குக் கொண்டுபோனாள்.

பத்தாம் நாள் தங்கையின் முகம் வீங்கியது, சிறுநீர் நின்றது. அந்த மூட்டை விற்பனைக்குப் போகாமல் தடுக்கத்தான் நேரம் இருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, உடம்பு இனித் தாங்காது என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

பெரியவர் கிடங்குக்கு வந்தார். முப்பது வருடம் மரம் அறுத்தவர் என்று அன்றுதான் தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கும் பெரிய ரம்பம். போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும். அதன் பல் எந்தப் பக்கமும் சாயாது. அவருக்குத் தெரிந்த ரம்பம் அது ஒன்றுதான்.

"நீங்க சொன்ன மாதிரியே பாத்துப் பாத்துப் பறிச்சேம்மா. ஒரு இலைகூட மாத்திச் சேக்கல."

தப்பு கிழவன் மேல் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார் கிடங்கு முதலாளி. அவள் மாட்டேன் என்றாள். போனில் 'சாய்ந்த' என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால் போதும். அதற்கு மூச்சு செலவாகியிருக்குமா?

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தங்கை கண் விழித்தாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"அந்த இலைத்தண்ணி நல்லா கேட்டுச்சுக்கா. இருமலே இல்ல பாரு. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"வீட்டுல இருக்கு" என்றாள்.

தங்கை அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.