மாமியாரைக் குந்தவைத்தோம்

என் வீட்டுக்காரர் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி அடித்த அன்று ஆணி எடுத்துக் கொடுத்தது நான்தான். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் ஏற்கனவே இருந்தது. வெளியே எதற்கு என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாரு வூட்ல வேல நடக்குது?" என்று கேட்டார். "நம்ம வூட்லதான் அத்தெ" என்றேன். "நல்லா அழுத்தி அடிக்கச் சொல்லு. ஆடிக் காத்துக்குப் பிச்சிக்கினு போயிடும்" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் அப்போது இன்னும் மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் இருந்தது. எல்லை இங்கே வரும், அங்கே போகும் என்று ஆம்பளைகள் டீக்கடையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வந்தே விட்டது. வீடு ஆந்திராவில் விழுந்தது. தெற்கே மூன்று மைல் தள்ளி நாங்கள் வேர்க்கடலை போட்டு வந்த நிலம், எங்கள் மல்லாட்டைக் கொல்லை, மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. என் மாமியார் இதற்கெல்லாம் அசரவில்லை. "கல்லு நட்டவன் நட்டுட்டுப் போயிட்டான். கள எடுக்க அவனா வரப்போறான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கூழ்த் தூக்கோடு கிளம்பிவிட்டார்.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் நடந்திருக்கிறார். கொல்லையில் வேலை இல்லாத மாதங்களிலும் போவார். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "பாத்துட்டு வரேன்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்து கால் கழுவும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். எந்த மடையில் தண்ணீர் அடைத்திருக்கிறது, யார் வீட்டு மாடு சினையாக இருக்கிறது, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாசம், யாரோடு யார் பேசுவதில்லை. போன வருஷம் சொன்னதையும் இந்த வருஷம் சொன்னதையும் சேர்த்து வைத்து, "அவன் பொய் சொல்றான்" என்று கண்டுபிடிப்பார். அறுபது வயதுக்கு மேல் அந்தத் தலை அப்படி வேலை செய்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து. காலையில் வைத்த சாவியைச் சாயங்காலம் தேடிக்கொண்டிருப்பேன்.

எங்களைக் கொன்றது காகிதம். வீட்டுக்கு வந்த காகிதம் தெலுங்கில், கொல்லைக்கு வந்தது தமிழில். ஒரு நகலுக்கு இந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போனால் அந்தப் பக்கம் போ என்பார்கள், அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்தால் இரண்டு பேரும் மாற்றிக்கொள்வது. என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு ஆளைப் பிடித்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவருக்கு இருந்த நிலம் எங்களுக்கு வந்தது, எங்கள் கொல்லை அவருக்குப் போனது. "அம்மாவுக்கும் வயசாயிடுச்சி. இனிமே குந்திக்கினு துன்னட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன். "நான் இன்னா நொண்டியா?" என்று என் மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பெருமை. வயதானவர்களைக் குந்தவைத்துச் சோறு போடுகிற வீடு நல்ல வீடு. கொல்லைக்கு அனுப்புகிற வீட்டில் மருமகள் கொடுமைக்காரி. என் மாமியார் பின்னால் இருந்த நிலத்துக்குக் களைக்கொத்தோடு போன முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னாம்மா, இந்த வயசுல மாமியாரத் தொரத்திட்டியா? சோறு பத்தலியா?" எனக்கு மானம் போய்விட்டது. நேரே போய் அவர் கையிலிருந்து களைக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பிறகு தண்ணீர்க்குடத்தைப் பிடுங்கினேன். பிறகு துடைப்பத்தை. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் துன்னு முடித்துக் கை கழுவி வந்து, "எனுக்கு எப்பம்மா சோறு போடுவ?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். செத்துப்போன தன் தங்கையின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். மாதம் மறந்தது, கிழமை மறந்தது. வயசு என்றார்கள். நானும் வயசு என்றே சொன்னேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே ஆள் ஊர் மொத்தத்தையும் தலையில் வைத்திருந்தாரே என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. நான் யோசித்தேனா என்றால் நானும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரைப் பகலெல்லாம் காணோம். சாயங்காலம் தானாக வந்து கால் கழுவினார். பக்கத்தில் யார் வீட்டிலோ பேசிக்கொண்டிருந்திருப்பார் என்று விட்டுவிட்டோம். மூன்றாவது நாள், கொல்லையை மாற்றிக்கொண்ட ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. பெரியம்மா ரெண்டு நாளா நம்ம கொல்லையில கள எடுத்துக்கினு கீது. எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. நல்லாத்தான் எடுக்குது. ஆனா பாக்கறவன்லாம் கெழவிக்குக் கூலி குடுத்தியாடான்னு கேக்கறான்."

கூலி என்ற சொல் என் வீட்டுக்காரர் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. தன் அம்மா ஊரான் நிலத்தில் களை எடுக்கிறாள், அதுவும் நாலு பேர் பார்க்க. அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது. துன்னோமா இல்லையா என்று தெரியாத ஒரு மனுஷி, மூன்று மைல் தப்பில்லாமல் போய், பயிர் எது களை எது என்று பிரித்து, தப்பில்லாமல் திரும்பி வந்திருக்கிறாள். இது எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுநாள் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாதாங்கி ஏழு மாதம் இருந்தது. முதலில் கதவைத் தட்டினார். பிறகு, "செத்த தெறம்மா, பாத்துட்டு வந்துடறேன்" என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்பதை நிறுத்தியதும், "இப்பத் தேவல" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கால் வீங்கியது. பேச்சு நின்றது. ராத்திரி தூக்கம் போய், பகலெல்லாம் தூங்கினார். பிறகு ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் உள்ளே போனபோது, கட்டிலிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து நின்று கை கூப்பினார். "வாங்க கர்ணம் ஐயா. எம் புள்ள வூட்ல இல்லீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். நான் கடப்பாரையை எடுத்தேன்.

"வாணாம்டி. ஊரு சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டும். பெத்த புள்ளயப் பாத்து கர்ணம் ஐயான்னு கும்புடுது. இதுக்கு மேல ஊரு சிரிக்க இன்னா கீது?"

அவர் எழுந்து வரவில்லை. நாதாங்கியோடு கதவில் ஒரு துண்டும் பிய்ந்து வந்தது.

அன்று தெருமுனை வரைக்கும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடத்தினேன். அதற்கே அவருக்குக் கால் நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். எல்லைக் கல் வரைக்கும் போக ஒரு மாதம் ஆனது. கொல்லைக்குப் போய்ச் சேர இரண்டு மாதம். வரப்பில் நின்று அவர் சுற்றிப் பார்த்தார்.

"இது யாரு கொல்ல?" என்றார்.

கொல்லையை மாற்றிக்கொண்ட ஆள் அங்கே இருந்தார், அவர்தான் பதில் சொன்னார். "உன்னுதுதான் பெரியம்மா."

"என்னுதா? என்னுதுன்னா இப்பிடியா கள மண்டிக் கெடக்கும்?" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஆள் சிரித்தார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். தினமும் போனோம். நடந்ததால் எல்லாம் திரும்பி வந்தது என்று நான் கதை விடமாட்டேன். என் பேர் கடைசிவரை வரவில்லை. மகனைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆனால் ராத்திரி தூங்கினார். பசிக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. வழியில் மேய்ந்த ஒரு மாட்டைப் பார்த்து, "இது சினைடி" என்றார். சினைதான். அந்த ஏழு மாதத்தையும் அதற்கு முந்திய ஒரு வருஷத்தையும் அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? உட்காரவைத்தோம், மரியாதை என்று பேர் வைத்தோம், நல்ல மருமகள் என்று பேர் வாங்கினேன். இதுதான் நடந்தது.

இப்போது நான் ரேணிகுண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் மாமியாருக்கு அப்போது இருந்த வயதைத் தாண்டிவிட்டேன். திருப்பதியில் டாக்டர், "தினம் நடங்கம்மா, மூளைக்கு ரத்தம் நல்லாப் போகும், மறதி சீக்கிரம் வராது" என்கிறார். புதிதாகச் சொல்வது போலச் சொல்கிறார். அவர் படித்ததெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் மாமியார் ஒருத்தர்தான், அவரையும் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. வீட்டில் மருமகள் நல்லவள். கையில் எதை எடுத்தாலும் பிடுங்கிக்கொள்கிறாள். "நீங்க குந்துங்க அத்தெ" என்கிறாள். குந்தமாட்டேன் என்கிறேன். முட்டி வலிக்கிறது, வெயில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, சில நாள் வாசலைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

நேற்று ரயில்வே கேட் வரைக்கும் போனேன். அங்கே பூ விற்கிற பெண், நாலு வருஷமாகத் தினம் பேசுகிறவள், "இன்னா பெரிம்மா, லேட்டு?" என்றாள். அவள் பேர் வரவில்லை. சிரித்து வைத்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். ராத்திரி வரைக்கும் வரவில்லை. காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவளிடமே கேட்கப் போனேன்.