தவமலர் சிஸ்டரும் இரண்டு கூஜாத் தண்ணீரும்

காலை வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தவமலர் சிஸ்டரின் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, பெரியம்மா போயிட்டா. நித்திரையிலயே." அவ்வளவுதான் சொன்னாள். நான் கண்டி வாவிக்குப் பின்புறம் மேட்டிலிருந்த அந்த வீட்டை அடைந்தபோது குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் ஒரு வாளியைத் தந்து, "பச்சத் தண்ணிய மொதல்ல ஊத்துங்க புள்ள, பெறகு சுடுதண்ணி" என்றார். ஊற்றினேன். அந்த வரிசை சிஸ்டருக்கு ஒருகாலத்தில் எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். அவரிடம் படித்துவிட்டுப் போன உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தவமலர் சிஸ்டர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஆஸ்பத்திரித் தாதியாக வேலைக்கு வந்து கண்டியிலேயே தங்கிவிட்டார். ஓய்வுபெற்ற பின், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே மருந்துக்கடையின் மாடியில் நடக்கும் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கு நான் மொழி சொல்லிக்கொடுத்தேன். அவர் வேலை சொல்லிக்கொடுத்தார்.

ஒருநாள் நான் தண்ணீர்ச் சொற்களை நடத்தினேன். ஜப்பானியருக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே 'மிசு'. சூடேறியதும் அது 'யு' என்ற வேறு பொருளாகிவிடுகிறது. கை பொறுக்கும் இளஞ்சூடு 'நுருமயு', கொதிநீர் 'நெத்தோ', காய்ச்சிக் குடிக்கும் வெறும் நீர் 'சயு'. பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர், "அப்ப அவையளுக்குச் சுட்ட தண்ணி தண்ணியே இல்லையோ?" என்றார்.

"இல்லை சிஸ்டர். வேறு சாமான்."

"சரியான சனங்கள்தான். கொதிதண்ணி பட்டு வார்ட்டுக்கு வந்த பிள்ளையளைப் பாத்தவைக்குத் தெரியும், அது வேறை சாமான்தான்."

"பிளேன்டீக்கு எது சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நெத்தோ. ஆனால் உன்ர வாய்க்கு மிசு காணும்."

அந்த வகுப்பில்தான் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் மகேஸ்வரி இருந்தாள். செய்முறைப் பரீட்சையில் ஒருமுறை தவறியவள்; இம்முறையும் தவறினால் மறுபடி எழுத விடமாட்டார்கள். குளியல் தொட்டியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர் என்பது பராமரிப்பு விதி. கொதிநீர் தனியாக இருக்கையில் முதியவர் கையோ காலோ வைத்துவிடக்கூடாது என்பதற்காக வந்தது. பயிற்சிப் பொம்மையைக் குளிப்பாட்டும்போது மகேஸ்வரி ஒவ்வொரு முறையும் சுடுநீரையே முதலில் ஊற்றினாள். முதல் பரீட்சையில் அவள் தவறியதும் இதனால்தான்.

சிஸ்டர் இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் கதிரையை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். "ஏன் பிள்ளை?" என்றார். அவள் பேசவில்லை. சிஸ்டரும் பேசவில்லை. மாணவர்கள் நெளிந்தார்கள். தண்ணீர் ஆறுகிறது என்று நான் மெல்ல நினைவூட்டினேன். "ஆறட்டும். திரும்பச் சுடவைக்கலாம். பிள்ளை வாயை மூடினால் திறக்கேலாது."

வெகுநேரம் கழித்து மகேஸ்வரி சொன்னாள்: "பச்சத் தண்ணிய மொதல்ல ஊத்துறது செத்தவங்களுக்குக் கலக்குற தண்ணிங்க சிஸ்டர். எங்கம்மாவுக்கு நான்தான் அப்புடிக் கலந்தேன். உசுரோட இருக்கிற பாட்டிக்கு எப்புடிங்க ஊத்துவேன்?"

"இது பொம்மையெல்லே?"

"பாட்டின்னுதானே சொல்லிக் குடுத்தீங்க."

எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. ஜப்பானியரும் இறந்தவருக்கு மட்டும் அப்படிக் கலப்பார்கள், அதைத் தலைகீழ்த் தண்ணீர் என்பார்கள் என்று வாசித்திருந்ததைச் சொன்னேன். சிஸ்டர் என்னை முறைத்தார். "இதை இப்பதான் சொல்லுறியோ?"

மறுநாள் அவர் இரண்டு கூஜாக்களுடன் வந்தார். ஒன்றில் மிசு, ஒன்றில் நெத்தோ. வெறும் தொட்டியில் இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்தார். பாதி அவருடைய சேலையில் கொட்டியது. "சிரியாதேங்கோ. கொதிதண்ணி தனிய நிக்கக்கூடாது, அதுதான் விதி. எது முந்தி எண்டு ஆரும் கேக்கேலாமல் ஊத்து. பிறகு முழங்கையாலை சூடு பார்." அந்த வாரம் முழுவதும் வகுப்பறைத் தரை ஈரமாகவே இருந்தது.

பரீட்சைக்கு ஜப்பானியப் பெண்மணி ஒருவர் வந்தார். சிஸ்டரை உள்ளே விடவில்லை; கதவருகே நின்றார். மகேஸ்வரி இரண்டு கூஜாக்களையும் ஒன்றாகச் சாய்த்தாள். ஒரு துளி வெளியே விழவில்லை. ஏன் இப்படி என்று பரீட்சகர் கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவள் தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் பதில் சொன்னாள்: "மிசு முதலில் என்றால், பிரிவு. இந்தப் பாட்டி நாளைக்கும் குளிப்பார்." பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து அவளுக்குத் தலை தாழ்த்தினார். மகேஸ்வரி இன்று ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

அன்று பரீட்சை முடிந்து படியிறங்கும்போது நான் சிஸ்டரைப் பாராட்டினேன். "கூஜா என்ன பெரிய காரியம்? அவள் வாய் திறந்தாளே, அதைச் சொல்லு" என்றார்.

நான் இயல்பில் அவசரக்காரி. ஒரு மாணவி தவறாகச் செய்தால் சரியானதை உடனே சொல்லி நகர்ந்துவிடுவேன். இப்போது ஏன் என்று கேட்டுவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். அந்த மௌனம் நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.