மூட்டையை அவிழ்த்த மணத்தக்காளி

தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கொடுக்கும் ஊரிகத்து லைன் வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் கோடையில் என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் புண். களியைக் குழம்பில் தொட்டு வாயில் வைப்பார். மிளகாய் பட்டதும் துள்ளிக் குதித்துத் தட்டை ஒதுக்கிவிடுவார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவருக்குக் கோபம் மட்டும் பறக்கவில்லை. வெறும் வயிற்றோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கியவர் ஒருநாள் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தார்.

"ஊருக்கே போயிடலாம்மே. இங்க இருந்தா செத்துடுவேன்" என்றார்.

ஊரில் மழை பொய்த்து, அடுத்தவர் களத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் பெருக்கித் தின்றதை நான் மறக்கவில்லை. இங்கே ஒரே அறைதான். ஆனாலும் கதவைச் சாத்தினால் அது என் வீடு. விட்டுப் போனால் மறுநாளே வேறு ஆள் குடிவந்துவிடுவான்.

துவைக்கிற தண்ணீர் ஓடும் ஓரத்தில் மணத்தக்காளி மண்டிக் கிடந்தது. கீரையைப் பருப்போடு கடைந்து போட்டேன்; கொஞ்சம் எரிச்சல் அடங்கியது. ஆனால் வெயில் ஏற ஏறச் செடி கருகத் தொடங்கியது. காயைப் பறித்து, உப்பு மோரில் ஊறவைத்து, தகரக் கூரை மேல் காயவைத்தேன். காய்ந்த வற்றலை நெய்யில் பொரித்துச் சுடுசோற்றில் பிசைந்து கொடுத்தேன்.

முதல் கவளத்திலேயே நறநறவென்றது. கல் இடிக்கிற மில்லின் தூசியெல்லாம் மோர் ஈரத்தில் ஒட்டியிருக்கிறது! ஊரில் போடுவது போலத் திறந்து போட்ட என் புத்தியை என்ன சொல்ல?

"உள்ள போனா கல்லு, வெளிய வந்தா சோத்துலயும் கல்லா? ஞாயித்துக்கெழம கெளம்பறோம்" என்று கல்யாண வேட்டியை விரித்துத் துணிமணியை மூட்டை கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "மேல துணி போத்தாம இங்க யாருனா வத்தல் போடுவாங்களா? மெல்லிசா ஒண்ணு போடும்மா."

என்னிடம் இருந்த மெல்லிய துணி மூட்டை கட்டிய அந்த வேட்டிதான். அவர் ஷிப்டுக்குப் போனதும் அவிழ்த்தேன். அவள் கொல்லையில் மிஞ்சியிருந்த காயைப் பறித்து, மோரில் போட்டுக் கூரையில் பரப்பி, வேட்டியைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்தேன்.

ஞாயிறு வந்தது. "மூட்டை எங்கமே?"

"வேட்டி கூரை மேல வத்தலுக்குப் போத்தியிருக்குது. பாதியில எடுத்தா பூசணம் பூத்துடும். அவசரம்னா நீங்க வேட்டியில்லாம போங்க."

முறைத்தார். சிரிப்பு வந்துவிட்டது போல. புண் இழுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வற்றலில் ஒரு பொடி மணல்கூட இல்லை. கசப்பு உண்டு, காரம் இல்லை. தட்டை வழித்துத் தின்றார், மறுசோறு கேட்டார். மெல்ல மெல்லப் புண் ஆறியது. வற்றலால் ஆறியதா, மிளகாயை விட்டதால் ஆறியதா என்று வைத்தியர்கள் வாதாடட்டும்; நான் வற்றலின் கட்சி. தெலுங்குக்காரம்மாவின் பிள்ளைபெற்ற மகளும் மிளகு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பிடி வாங்கிப் போனாள்.

மழைக்குப் பின் செடி மறுபடி காய்த்தது; நானும் கூரையில் வற்றல் போட்டேன். ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. தலைக்கு மேலே தகரம் சடசடத்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். கூரை விளிம்பில் தொற்றிக்கொண்டு வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"காத்து மில்லு பக்கமிருந்து அடிக்குது, இன்னா பாத்துக்கினு நிக்கிறே? இன்னொரு கல்லு எடுத்தாமே!"

கல்லை எடுத்து நீட்டினேன். இனி எங்கள் வீடு இதுதான் என்று அப்போதுதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.