மலையூரில் மரம் வெட்டுகிறவர் யாருமில்லை

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பதுதான் என் வேலை. உங்கள் வீட்டு வாசலிலும் கையில் டேப்லெட்டோடு என்னைப் போல ஒருவர் வந்து நின்றிருப்பார். குக்கர் விசில் அடிக்கிற நேரமாகப் பார்த்து, கடந்த ஏழு நாளில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டிருப்பார். ஆளை அனுப்பினால் போதும் என்று நீங்களும் எதையோ சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்னதெல்லாம் டெல்லிக்குப் போய், விவசாயத்தில் இத்தனை பேர், காட்டு வேலையிலும் மரம் வெட்டுவதிலும் இத்தனை பேர் என்று அறிக்கையாகிறது. தர்மபுரி மாவட்டத்திலிருந்து அந்த அறிக்கைக்கு நான் செய்த சேவையைச் சொல்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

பதினோரு வீடு

சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊர். முதல் வீடு பொன்னுசாமியுடையது. சுவரோரம் கோடாலி சாய்ந்திருந்தது. மரம் அறுக்கிற மிஷினின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வெயிலில் வைத்திருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். அவர் டேப்லெட்டைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், "விவசாயங்க" என்றார். அடுத்த வீட்டிலும் விவசாயம். அன்று பதினோரு வீடு, பதினோரு விவசாயம்.

அட்டை மாட்டிக்கொண்டு வந்தவனிடம் மரம் வெட்டுகிறேன் என்று சொல்ல அந்த மலையில் யாருக்கும் பைத்தியமில்லை. கூலிக்கு வெட்டப் போன இடத்தில் போலீஸ் ஆளைப் பிடித்துக்கொண்டு போன கதை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பதில் சந்தேகமாக இருந்தால் பெயர் வெளியே போகாது என்று புரியவைத்து மறுபடி கேட்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டால் மலையிலேயே தங்க வேண்டும். எண்ணெய் மின்னுகிற சங்கிலியைப் பார்த்துக்கொண்டே விவசாயம் என்று தட்டினேன். நான் தயங்கியதைப் பொன்னுசாமியின் மனைவி சின்னப்பாப்பா கவனித்துவிட்டார்.

"விவசாயம்னே போடுங்க சார். மழ பேயலன்னாலும் அதுக்காவ யாரும் புடிச்சிட்டுப் போவ மாட்டாங்க."

மூட்டை

அடுத்தது சின்னப்பாப்பாவைப் பற்றிய கேள்விகள். அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பதிலைப் பொன்னுசாமி சொன்னார்: "அவ வூட்ல சும்மாதாங்க இருக்கா." வசதியாகப் போயிற்று. வீட்டு வேலை என்று பதிந்தேன்.

அந்த அம்மா விடிவதற்குள் காட்டுக்குப் போய்க் கடுக்காயும், துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப் புல்லும் கொண்டுவருகிறவர். முற்றம் முழுக்கக் கடுக்காய் காய்ந்தது. எனக்கு உட்கார நாற்காலி இல்லாததால் ஒரு கடுக்காய் மூட்டையைத்தான் இழுத்துப் போட்டிருந்தார். பதிந்ததைத் திருத்த ஆறு பக்கம் பின்னால் போக வேண்டும். நெட்வொர்க்கும் இல்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு எழுந்தேன். திருத்துவதற்கு நெட்வொர்க் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.

மூட்டையைத் தட்டிச் சுவரோரம் தள்ளிக்கொண்டே சொன்னார்: "இத்தன நேரம் நீங்க உக்காந்திருந்தது, நான் சும்மா இருந்து கொண்டாந்ததுதாங்க சார்."

பொம்மிடி ஸ்டேஷன்

சில வாரம் கழித்து, சேலம் போக பொம்மிடியில் ரயிலுக்கு நின்றேன். கையில் இருந்த பேப்பரில் ஒரு கட்டுரை. காட்டு வேலைக்கும் மரம் வெட்டவும் போகிறவர்கள் நாடு முழுக்கக் குறைந்துகொண்டே வருகிறார்களாம். நகரத்து மோகம்தான் காரணம் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். என்னைப் போல எத்தனை பேர் எத்தனை மலைகளில் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

தலையை நிமிர்த்தினால் எதிரே பொன்னுசாமி. கூட ஏழெட்டுப் பேர். தோளில் கயிற்றுச் சுருள், சாக்கில் கோடாலிக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பிளாட்பாரத்தில் அவ்வளவு உயரமாகப் பேப்பர் படித்தவன் நான் ஒருவன்தான். அவர் பக்கத்தில் வந்து, பேப்பர் இறங்கும் வரை பொறுமையாக நின்றார்.

"வணக்கங்க சார். விவசாயத்துக்குக் கேரளா வரைக்கும் போயிட்டு வர்றோங்க."

இரண்டாம் முறை

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும் என்பது விதி. பொன்னுசாமி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எஸ்டேட்டில் வெட்டின கிளை இடுப்பில் விழுந்திருக்கிறது. கூட்டிப்போன மேஸ்திரி, அந்தப் பேரில் தன்னிடம் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டான். அரசு உதவிக்கு மனுப் போட்டால், இவர் மரம் வெட்டுகிறவர்தான் என்று காட்ட ஒரு தாள் கேட்கிறார்கள்.

"சார், நீங்கதான் அன்னிக்கு வந்து எழுதிக்கிட்டுப் போனீங்களே. அதுல ஒரு தாள் எடுத்துக் குடுங்க" என்றார் சின்னப்பாப்பா. எங்கள் பதிவை யாருக்கும் தரக்கூடாது என்று சொன்னேன். விதி உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது என் மனதில் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவரோ, "குடுத்தாலும் அதுல விவசாயம்னுதான இருக்கும். நாந்தான போடச் சொன்னேன். தப்பு எம்மேலதாங்க" என்றார். இல்லம்மா, நான் சங்கிலியைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். டேப்லெட்டை ஆன் பண்ணினேன்.

இந்த முறை சின்னப்பாப்பாவிடமே கேட்டு, காட்டு விளைபொருள் சேகரிப்பவர் என்று பதிந்தேன். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, அந்த மனிதரிடம் கடந்த ஏழு நாளில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பொன்னுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மரம் வெட்றேன்னு போடுங்க சார். இனிமே என்ன யாரு புடிச்சிட்டுப் போவப் போறாங்க."

ஏழு நாளாகப் படுத்துக்கிடப்பவரை அப்படிப் பதிய என் டேப்லெட்டில் இடமில்லை என்றாலும், சின்னப்பாப்பாவின் புண்ணியத்தில் அந்த மலையூரில் காட்டு வேலை செய்கிறவர்கள் பூஜ்யத்திலிருந்து ஒருவராகக் கூடியிருக்கிறார்கள். நாட்டில் அந்தத் தொழில் வளர்கிறது என்று எங்காவது படித்தால் தயவுசெய்து என்னைப் பாராட்டிவிடாதீர்கள்.