இருபத்திரண்டாம் அடிக்குறிப்பு

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மாதாந்தர அறிக்கையும் மேலிடத்துக்குக் கடிதங்களுமாக வேலை போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய டாக்டர் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தோலைப் பதப்படுத்தி விற்கும் மண்டிகளில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் அடைப்பான் நோயைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை. மாட்டுக்கு வரும் அந்த நோய் அதன் தோலைத் தொடுகிறவர்களையும் பிடிக்கும். முதலில் கையிலோ கழுத்திலோ ஒரு கருங்கொப்புளம். பிறகு வீக்கம், காய்ச்சல். வண்டியில் படுத்தபடி எங்களிடம் வந்தவர்களில் பலர் எழுந்து போகவில்லை.

கட்டுரையைச் சென்னையில் ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினோம். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் சிவப்பு மை. ஆதாரங்கள் அவர்கள் விதிப்படி இல்லையாம். குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும், பிறகு முதலெழுத்து, தலைப்பு; பத்திரிகைப் பெயருக்கு அடியில் கோடு; தொகுதி, பக்கம். கமா வேண்டிய இடத்தில் புள்ளி இருந்தாலும் வட்டம் போட்டிருந்தார்கள். நோயில் செத்த மாடுகளின் தோலும் மண்டிக்கு வருகிறது, ஆள் செத்தால் வெறும் காய்ச்சல் என்று சொல்லி மூடிவிடுகிறார்கள் என்று டாக்டர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதற்கு நேரே மட்டும், ‘இதைச் சொன்னது யார்?’ என்று கேட்டிருந்தது.

சொன்னவள் ஆம்பூரில் ஒரு மண்டியில் தோல் பிரித்து அடுக்கும் பெண். புருஷனை எங்கள் வார்டில்தான் பறிகொடுத்தாள். அவளுக்கும் முழங்கையில் புண் வந்து, பிழைத்து, கட்டு மாற்ற வந்துகொண்டிருந்தாள்.

“அவ பேரைக் கேட்டு முறைப்படி எழுதிடும்மா. ஆதாரம் இல்லன்னா வதந்தின்னு தள்ளிடுவாங்க” என்றார் டாக்டர்.

அடுத்த முறை அவள் வந்ததும் கேட்டேன். பெயரைச் சொன்னாள். குடும்பப் பெயர் என்ன என்றேன்.

“அது இன்னாம்மா? எங்களுக்கெல்லாம் ஒரே பேருதான்.”

பத்திரிகையின் விதியில் ஒரே பெயருக்கு இடமில்லை. புருஷன் பெயரைக் கேட்டு முன்னால் போட்டு, அவள் பெயரைப் பின்னால் சேர்த்தேன். வயது, வேலை, மண்டி இருக்கும் இடம் எல்லாம் குறித்துக்கொண்டேன். அவள் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பேரு இன்னாத்துக்கு? மேஸ்திரி காதுல வுழுந்தா வேலைய விட்டு நிறுத்திடுவான்.”

“இங்கிலீஷ் புஸ்தகம்மா. டாக்டருங்கதான் படிப்பாங்க. ஆம்பூர்ல யாருக்குத் தெரியப்போவுது?”

முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டாள். “சரி, எழுதிக்க. அந்த மனுசன் சும்மா காய்ச்சல்ல சாவலன்னு எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும்.”

டைப்ரைட்டரின் உருளையை அரை வரி திருப்பி, அந்த வாக்கியத்தின் முடிவில் இருபத்திரண்டு என்று சின்னதாக உயர்த்தி அடித்தேன். பக்கத்தின் அடியில் அதே எண்ணிட்டு அவள் பெயரையும் விவரத்தையும் அடித்தேன். கமா, புள்ளி எதிலும் பிழையில்லை. டாக்டர் பாராட்டினார்.

கட்டுரை அச்சில் வந்தது. மண்டிக்காரர்கள் படித்தால் தோலைச் சுத்தம் செய்ய வழி பிறக்கும் என்று டாக்டர் உண்மையாகவே நம்பினார். கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்ட பிரதிகளை வரவழைத்து அவர்களுக்கே தபாலில் அனுப்பினார். உறைகளின் மேல் விலாசம் அடித்தது நான். அவள் வேலை செய்த மண்டியின் விலாசமும் அதில் இருந்தது. அடிக்கும்போதுதான் அவள் பெயர் உள்ளே இருப்பது எனக்கு உறைத்தது. டாக்டருக்குத் தெரியாததா என்று அடித்து முடித்தேன்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். கட்டு மாற்றும் நாள் அல்ல. கையில் துணி மூட்டை.

“எல்லாரையும் நிக்கவெச்சுக் கணக்குப்பிள்ளை படிச்சாரு. எங்க ஊட்டுக்காரரு பேருதான் மொதல்ல. செத்தவன் வந்து பிராது குடுத்தானாடான்னு சிரிச்சாங்க. அப்பறம் என் பேரைப் படிச்சாரு. யாரும் சிரிக்கல.”

“வேற மண்டியில கேக்கலாமே?”

“எல்லாத்துக்கும் சொல்லி வெச்சுட்டாங்க. அரக்கோணத்துல தங்கச்சி இருக்குறா. ரயிலடியில கரி பொறுக்கப் போறேன்.” மூட்டையை மாற்றிப் பிடித்தாள். “யாரும் படிக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே?”

கதவருகில் நின்று அவள் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

டாக்டர் மறுநாளே மண்டிக்குப் போனார். வெளியே வெகு நேரம் உட்காரவைத்து, முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், இருபத்திரண்டாம் குறிப்பில் பெயருக்குப் பதிலாக ‘ஒரு தொழிலாளி’ என்று படித்துக்கொள்ளவும் என ஒரு வரி வந்தது.

அதற்குப் பிறகு மண்டி ஆட்கள் எங்களிடம் வருவது நின்றுபோனது. அந்தக் கோடையில் ஒருவன் மட்டும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். துணியை அவிழ்த்தபோது கொப்புளம் கறுத்து, தாடை வரை வீங்கியிருந்தது.

“எந்த மண்டி?” என்றார் டாக்டர்.

“மண்டி இல்லீங்க ஐயா. கூலி வேலை. பூச்சி கடிச்சிடுச்சி.”

அவன் விரல்களில், மண்டியில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியால் வரும் வெடிப்புகள் இருந்தன. டாக்டர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. வியாழக்கிழமை அவன் இறந்தான். பதிவுத் தாளில் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூலி என்று அடித்தேன்.